கொட்டாங்குச்சிக் கரியால் தண்ணீரில் ஈயத்தைக் கண்டுபிடிக்கலாமா?

தண்ணீரில் கலந்திருக்கும் கன உலோகங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மின்வேதியியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த வேதியியலாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி (பள்ளி அறிவியல் ஆசிரியை): கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கி, அதை வைத்துத் தண்ணீரில் கன உலோகம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் போவதாக என் மாணவிகள் சொல்கிறார்கள். அறிவியல் கண்காட்சிக்குத்தான். கரியைத் தண்ணீரில் போட்டால் நிறம் ஏதாவது மாறுமா? எப்படித் தெரியும்?

பதில்: நிறம் மாறாது. கரியைப் போட்டுக் கலக்கி வடிகட்டினால், தண்ணீரில் இருந்த ஈயத்தில் ஒரு பகுதி கரியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கரி முன்பு இருந்ததுபோலவே கறுப்பாக இருக்கும், தண்ணீரும் தெளிவாகவே இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

பலரும் குழம்புகிற இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாவரக் கழிவிலிருந்து செய்த கரிக்கு இரண்டு வேலைகள் கொடுக்கிறார்கள். ஒன்று, தண்ணீரிலிருந்து உலோகத்தை நீக்குவது. இன்னொன்று, உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க உதவுவது. இரண்டுக்கும் அடிப்படை பரப்புக் கவர்தல்தான், அதாவது நீரில் கரைந்திருப்பது கரியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது. ஆனால் அளக்கும் வேலையில் கரி செய்வது பாதிதான். தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் அயனிகளை அது ஓரிடத்தில் சேர்த்துத் தருகிறது. சேர்ந்தது ஈயமா, காட்மியமா, எவ்வளவு என்பதையெல்லாம் சொல்ல மின்னோட்டம் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஈயத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். காட்மியத்துக்கு 3. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவை நேரடியாகப் பிடிப்பது கடினம். அதனால்தான் முதலில் சேர்த்து, பிறகு அளக்கிறோம்.

ஆய்வகத்தில் இதைச் செய்யும் முறைக்கு அனோடிக் ஸ்ட்ரிப்பிங் வோல்டாமெட்ரி என்று பெயர். கரித்தூளைக் கொஞ்சம் நீரும் ஆல்கஹாலும் சேர்த்து மை மாதிரி ஆக்கி, நாஃபியான் என்ற ஒட்டும் பாலிமர் ஒரு துளி கலந்து, மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள கண்ணாடிக் கார்பன் மின்முனையின் மேல் சில மைக்ரோலிட்டர் வைத்துக் காயவிடுவோம். அதைப் பி.எச். சுமார் 4.5 உள்ள அசிட்டேட் தாங்கல் கரைசலில் (பி.எச். மாறாமல் பார்த்துக்கொள்ளும் கரைசல்) கலந்த மாதிரி நீரில் இறக்கி, சுமார் மைனஸ் 1.2 வோல்ட் கொடுத்து, சில நிமிடங்கள் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நீரில் இருக்கும் ஈய அயனிகள் எலக்ட்ரான் வாங்கிக்கொண்டு உலோக ஈயமாக மின்முனையில் படியும்.

அப்புறம் கலக்குவதை நிறுத்திவிட்டு, மின்னழுத்தத்தை நேர்த் திசையில் மெல்ல மெல்ல ஏற்றுகிறோம். படிந்த உலோகங்கள் ஒவ்வொன்றாக மறுபடி கரையும். பேருந்தில் அவரவர் நிறுத்தம் வந்ததும் இறங்கிக்கொள்வதுபோல, துத்தநாகம் சுமார் மைனஸ் 1.1 வோல்ட்டிலும், காட்மியம் மைனஸ் 0.8 பக்கத்திலும், ஈயம் மைனஸ் 0.55 பக்கத்திலும், தாமிரம் மைனஸ் 0.1 பக்கத்திலும் இறங்கும். இவை வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை வைத்துச் சொல்கிற எண்கள். ஒவ்வொன்றும் இறங்கும்போது திரையில் தட்டையாகப் போய்க்கொண்டிருக்கும் கோடு ஒரு முகடாக எழும்பி மறுபடி தாழும். எந்த இடத்தில் எழும்புகிறது என்பது எந்த உலோகம் என்று சொல்லும், எவ்வளவு உயரம் என்பது எவ்வளவு உலோகம் என்று சொல்லும். எத்தனையோ முறை பார்த்திருந்தும், தெளிந்த நீரிலிருந்து அந்த முகடு எழும்புவதைப் பார்க்க எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

உங்கள் மாணவிகளுக்கு என் யோசனை: ஈய உப்புகளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வளரும் மூளையை ஈயம் பாதிக்கிறது, இதற்குக் கீழே போனால் பாதுகாப்பு என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. மெத்திலீன் நீலச் சாயத்தை நீரில் கரைத்து, ஒரு குவளையில் சாதாரணக் கரியும் இன்னொன்றில் கிளர்வூட்டிய கரியும் (ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைகள் பெருகும்படி செய்த கரி) ஒரே எடையில் போட்டுக் கலக்கி வடிகட்டச் சொல்லுங்கள். எதில் நீலம் அதிகம் குறைகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆய்வகங்களிலேயே கரியின் கவரும் திறனைப் பார்க்க இதே சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். பரப்புக் கவர்தலை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

கேள்வி (முதுநிலை வேதியியல் மாணவர்): மரத்தூளைத் துத்தநாக குளோரைடு கொண்டு கிளர்வூட்டிக் கரி செய்தேன். அதைப் பூசிய மின்முனையில் துத்தநாகத்துக்கு அருமையான பீக் (முகடு) வருகிறது. ஆனால் எதுவும் சேர்க்காத வெறும் தாங்கல் கரைசலிலும் அதே இடத்தில் சின்னதாக ஒன்று வருகிறது. நெறியாளர், ‘அது பேஸ்லைன், அதாவது பின்னணி, கழித்துவிடு’ என்கிறார். சரியா?

பதில்: கழிக்க வேண்டாம். அந்தச் சின்ன பீக்கைத்தான் நீங்கள் இப்போது ஆராய வேண்டும். பெரும்பாலும் அது உங்கள் கரிக்குள்ளிருந்து வரும் துத்தநாகம்.

துத்தநாக குளோரைடு 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வாக்கில் மரத்தின் கட்டுமானப் பொருள்களான செல்லுலோஸிலிருந்தும் லிக்னினிலிருந்தும் நீரைப் பிடுங்கி எடுக்கிறது. தார் உருவாவதைக் குறைக்கிறது. கரி இறுகும்போது தான் இருந்த இடத்தையெல்லாம் துளையாக விட்டுச் செல்கிறது. ஆனால் கழுவினால்தான் அது வெளியே வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாகக் கழுவி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் கழுவி, வடிநீர் நடுநிலைக்கு வந்த பிறகும் நுண்துளைகளின் ஆழத்தில் கொஞ்சம் தங்கியிருக்கும். உங்கள் தாங்கல் கரைசலோ அமிலத்தன்மை உள்ளது. நீங்கள் அளக்கும் நேரம் முழுக்க அது மிச்சத்தைக் கரைத்து வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறது.

சந்தேகத்தைத் தீர்க்க மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலில், கரி பூசாத வெறும் மின்முனையை அதே தாங்கல் கரைசலில் வைத்துப் பாருங்கள். அதிலும் பீக் வந்தால் குற்றம் கரைசலின்மேல், அல்லது அதைச் செய்யப் பயன்படுத்திய ரசாயனங்களின்மேல். வராவிட்டால், கரித்தூளைத் தாங்கல் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, வடிநீரை மட்டும் வெறும் மின்முனையால் அளந்து பாருங்கள். கரியிலிருந்து கசிகிறதென்றால் இங்கே மாட்டிக்கொள்ளும். கடைசியாக, உலோகம் எதையும் சேர்க்காமல் படிய வைக்கும் நேரத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். நேரம் கூடக் கூட பீக்கும் வளர்ந்தால் கரைசலில் எங்கிருந்தோ துத்தநாகம் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இந்த மூன்றையும் முடிக்காமல் அளவீட்டு வளைகோடு (தெரிந்த அளவுகளுக்கு பீக் எவ்வளவு உயர்கிறது என்று காட்டும் கோடு) வரைய உட்காராதீர்கள்.

துத்தநாகத்தை அளப்பதுதான் நோக்கம் என்றால் கிளர்வூட்டும் பொருளையே மாற்றிவிடுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 700 முதல் 900 டிகிரி வரையில் கார்பனோடு வினைபுரிந்து கார்பனேட்டாகிறது, ஹைட்ரஜன் வெளியேறுகிறது, உலோகப் பொட்டாசியம் ஆவியாகிக் கார்பன் அடுக்குகளுக்கு இடையில் புகுந்து அவற்றை விரித்துவிடுகிறது. ஒரு கிராம் கரிக்கு 2000 சதுர மீட்டருக்கு மேல்கூடப் பரப்பு கிடைப்பது இப்படித்தான். ஆனால் எச்சரிக்கை: பீங்கான் மூசையை (உலைக்குள் வைக்கும் கிண்ணத்தை) இந்தக் காரம் அரித்துவிடும், நிக்கல் மூசை வேண்டும். குழாய் உலையை நைட்ரஜன் ஓட்டத்திலேயே முழுவதும் ஆறவிடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் பொட்டாசியம் சூட்டோடு காற்றையோ நீரையோ சந்தித்தால் தீப்பிடிக்கும். அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம், தம்பி.

பாஸ்பாரிக் அமிலம் இன்னும் சாதுவானது, 400 முதல் 500 டிகிரியே போதும். கரியின் மேல் பாஸ்பேட் வகைத் தொகுதிகளை அது விட்டுச் செல்கிறது. ஈயத்துக்கு அவை நல்ல பிடிமானம். ஒரு குறை, இவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையில் செய்த கரி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதைத் தனியாகப் பூசினால் பீக்குக்குப் பதில் படுத்த மேடுதான் கிடைக்கும். கிராஃபைட் தூளும் பாரஃபின் எண்ணெயும் கலந்த கார்பன் பசையில் இதையும் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து பாருங்கள். கார்பன் பசை மின்முனையை அமெரிக்க வேதியியலாளர் ரால்ஃப் ஆடம்ஸ் 1958இல் அறிமுகப்படுத்தினார். செலவு குறைந்த, மாணவர் கைக்குப் பழகிய முறை. பூச்சு சொதப்பினால் மேற்பகுதியைத் தாளில் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

கேள்வி (ஆய்வு மாணவி): தினம் ஒரு புதிய இலை, புதிய தோல், புதிய கொட்டை என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. உண்மையில் எந்தத் தாவரக் கழிவு நல்லது?

பதில்: செடியின் பெயரைவிட அதனுள் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். கொட்டாங்குச்சி, பழக்கொட்டை மாதிரி கடினமானவற்றில் லிக்னின் அதிகம், சாம்பல் குறைவு. கெட்டியான, நுண்துளை நிறைந்த கரி கிடைக்கும். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளுக்காக 1918இல் அமெரிக்காவில் பீச் பழக்கொட்டைகளையும் கொட்டை ஓடுகளையும் பொதுமக்களிடம் கேட்டு வாங்கினார்கள், காரணம் இதுதான். நெல் உமியைச் சுட்டால் எடையில் 15 முதல் 20 சதவீதம் சாம்பல், அதில் பெரும்பங்கு சிலிக்கா. அதைக் காரத்தில் கரைத்து எடுத்தால் நல்ல துளைகள் திறக்கும், எடுக்காமல் விட்டால் மின்கடத்தும் பாதையை மறிக்கும். வாழைப்பழத் தோலில் பொட்டாசியம் மிகுதி, சுடும்போது அதுவே கொஞ்சம் கிளர்வூட்டும் வேலையைச் செய்துவிடும்.

துளையின் அளவையும் கவனியுங்கள். 2 நானோமீட்டருக்குக் குறைந்தவை நுண்துளைகள், 2 முதல் 50 வரை இடைத்துளைகள். வாயுவைக் கவர நுண்துளை போதும். நீர் போர்த்திய உலோக அயனி சில நிமிடங்களுக்குள் உள்ளே போய்வர இடைத்துளைகளும் வேண்டும். பரப்பளவு எண்ணைப் பெரிதாக்குவதிலேயே குறியாக இருக்காதீர்கள். பரப்பு கூடக் கூட மின்தேக்கி மாதிரி நடந்துகொள்ளும் பின்னணி மின்னோட்டமும் கூடும், சின்ன முகடு அதில் முழுகிப்போகும். பூச்சை மெல்லியதாக வைப்பது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

இன்னொன்று, செடி தன் மண்ணிலிருந்த உலோகங்களையும் உடம்பில் வைத்திருக்கும். சாலையோரத்து இலையில் ஈயம் இருக்கலாம். கரியாகும்போது எடை குறைகிறது, ஈயத்தில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது, ஆகவே செறிவு கூடும். ஈயத்தை அளக்கப் போகும் கரியில் ஈயம் இருக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள்.

கேள்வி (குடும்பத் தலைவி): எங்கள் வீட்டுத் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 60தான் காட்டுகிறது. அப்படியானால் ஈயம் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: அந்த மீட்டரால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அது தண்ணீரின் மின்கடத்துத்திறனை அளந்து, கரைந்த உப்புகளின் மொத்தம் இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அதில் மிகச் சிறிய மாற்றம் 1, அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், 1000 மைக்ரோகிராம். ஈயத்தின் வழிகாட்டு அளவோ 10 மைக்ரோகிராம். அந்த அளவைப்போல ஐந்து மடங்கு ஈயம் இருந்தாலும் மீட்டரின் எண் அசையாது. 60 காட்டும் தண்ணீரில் ஈயம் இருக்கலாம், 600 காட்டும் தண்ணீரில் துளிகூட இல்லாமலும் இருக்கலாம்.

கொதிக்க வைப்பதும் உதவாது. நீர்தான் ஆவியாகும், உலோகம் அப்படியே நிற்கும். பழைய ஈயக் குழாயோ, ஈயம் கலந்த பற்றவைப்போ, பித்தளை இணைப்போ இருந்தால் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். இரவு முழுவதும் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் யாரும் திறப்பதற்கு முன் பிடிக்க வேண்டும், அதில்தான் ஈயம் மிகுதியாக இருக்கும். ஆய்வகம் தரும் புட்டியிலேயே பிடியுங்கள், கழுவ வேண்டாம். ஈயம் புட்டியின் சுவரில் ஒட்டாமலிருக்க அதில் நைட்ரிக் அமிலம் விட்டிருக்கலாம், கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகர்): எங்கள் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் இருக்கிறது. அதுவே ஈயத்தைப் பிடித்துவிடாதா?

பதில்: சாதாரணத் துகள் கரி குளோரினையும் வாடையையும் நன்றாக எடுக்கும். ஈயத்தை நம்பி ஒப்படைக்க முடியாது. ஈயத்தை நீக்குவதற்கென்றே செய்த அழுத்திய கரிக்கட்டி வடிகட்டிகள் இருக்கின்றன. உறையில் என்.எஸ்.எஃப்./ஏ.என்.எஸ்.ஐ. 53 என்ற அமெரிக்கத் தரத்தோடு ஈயம் என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 42 என்றால் அது சுவைக்கும் குளோரினுக்கும் மட்டும். கரி நிறைந்துபோனால் ருசியில் தெரியாது, ஆகவே சொன்ன கெடுவில் மாற்றிவிட வேண்டும்.

கேள்வி (கல்லூரி விரிவுரையாளர்): தாவரக் கரி மின்முனையால் லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம் ஈயத்தைக்கூட அளக்கலாம் என்று எழுதுகிறார்கள். அப்படியானால் இன்னும் ஏன் உலோகங்களை மிக நுட்பமாக அளக்கும், விலை உயர்ந்த ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியைத் தேடுகிறோம்?

பதில்: அந்த 0.05 எங்கே கிடைத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் தூய தாங்கல் கரைசலில் ஈயத்தை மட்டும் போட்டு அளந்து, வெற்றுக் கரைசலின் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கிக் கோட்டின் சரிவால் வகுத்திருப்பார்கள். கணக்கில் தவறில்லை. ஆனால் ஆற்று நீரில் மக்கிய இலைதழைகளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் இருக்கும். அது ஈயத்தைக் கட்டிப்போடும், மின்முனையையும் மூடிவிடும். தாமிரம் இருந்தால் அதுவும் கூடவே படிந்து இடத்துக்குப் போட்டியிடும். சோப்பு கலந்த நீர் என்றால் கேட்கவே வேண்டாம். தூய கரைசலில் நிமிர்ந்து நின்ற முகடு அங்கே பாதியாகச் சுருங்கிப்போகும்.

அதனால் நான் ஒரு கட்டுரையைக் கையிலெடுத்தால் கண்டறியும் வரம்பைப் படிப்பதற்கு முன் உண்மையான நீரில் என்ன செய்தார்கள் என்று தேடுவேன். ஸ்டாண்டர்டு அடிஷன் செய்தார்களா? அதாவது, அந்த ஆற்று நீரிலேயே தெரிந்த அளவு ஈயத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பீக் எவ்வளவு உயர்கிறது என்று கோடு வரைந்து, கோட்டைப் பின்னோக்கி நீட்டி முதலில் இருந்த அளவைக் கண்டார்களா? அதே நீரை ஐ.சி.பி.-எம்.எஸ்.ஸிலும் அளந்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று காட்டினார்களா? பத்து மின்முனைகள் செய்தால் பத்தும் ஒரே மாதிரி அளக்கின்றனவா? வழிகாட்டு அளவு 10 மைக்ரோகிராம் என்னும்போது, சேற்று நீரில் 1 மைக்ரோகிராமை நம்பகமாக அளக்கும் மின்முனையைத்தான் தூய கரைசலில் 0.05ஐத் தொடும் மின்முனையைவிட நான் பெரிதாக மதிப்பேன்.

இந்த ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கு இதில் மிகுந்த நம்பிக்கை உண்டு. செக் வேதியியலாளர் யரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922இல் பாதரசத் துளி மின்முனையோடு தொடங்கி 1959இல் நோபல் பரிசு வாங்கிய அந்த வழியில், வெகுகாலம் பாதரசம்தான் சிறந்த மின்முனை. நஞ்சை அளக்க இன்னொரு நஞ்சைக் கையாண்டுகொண்டிருந்தோம். 2000இல் ஜோசப் வாங் குழுவினர் பாதரசத்தின் இடத்தில் பிஸ்மத் என்ற உலோகத்தின் படலத்தை வைத்துக் காட்டினார்கள். கரிப்பூச்சின் மேல் பிஸ்மத்தையும் சேர்த்துப் படியவைத்தால் ஈயமும் காட்மியமும் கூர்மையாகப் பிரிந்து வரும். கையில் எடுத்துச் செல்லும் கருவியும் அச்சிட்ட மின்முனையும் இருந்தால் கிணற்றடியிலேயே முதல்கட்டச் சோதனையைச் செய்துவிடலாம். சந்தேகப்பட்ட மாதிரிகளை மட்டும் பெரிய கருவிக்கு அனுப்பினால் போதும்.

கேள்வி (முதுநிலை மாணவி): அதே கரி மின்முனையால் ஆர்சனிக்கையும் குரோமியத்தையும் அளக்கலாமா?

பதில்: அப்படியே முடியாது. ஈயமும் காட்மியமும் நேர்மின் அயனிகள், அமிலத் தொகுதிகள் நிறைந்த கரியின் எதிர்மின் பரப்பு அவற்றை இழுக்கும். சாதாரண நீரில் ஆர்சனிக்(III) மின்னூட்டமே இல்லாத மூலக்கூறாக இருக்கிறது, ஆர்சனிக்(V) எதிர்மின் அயனியாக இருக்கிறது. இரும்பு ஆக்சைடு ஏற்றிய கரி இதைப் பிடிக்கும், அளப்பதற்குப் பெரும்பாலும் தங்க மின்முனையைப் பயன்படுத்துகிறோம். குரோமியம்(VI)உம் எதிர்மின் அயனிதான். பி.எச். 2 பக்கத்தில் கரி அதைக் கவர்ந்து, குரோமியம்(III) ஆக ஒடுக்கியும் விடும். நீக்குவதற்கு இது நல்லது, அளப்பவருக்குத் தொல்லை. நீங்கள் பார்ப்பது எந்தக் குரோமியம் என்று தெளிவாக இருக்க வேண்டும்.

கேள்வி (ஆய்வக உதவியாளர்): சோதனை முடிந்த ஈயக் கரைசலையும் பயன்படுத்திய கரியையும் என்ன செய்வது? இங்கே தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள்.

பதில்: கொட்ட விடாதீர்கள். இதைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. ஈயம், காட்மியம், பாதரசக் கரைசல்களுக்குத் தனித்தனிப் பிளாஸ்டிக் கலன் வைத்து, உலோகத்தின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். முதல் கழுவுநீரையும் அதிலேயே ஊற்றுங்கள். பயன்படுத்திய கரியைக் குப்பையிலோ செடிக்கோ போடக் கூடாது. அமிலம் பட்டால் பிடித்து வைத்திருக்கும் உலோகத்தை விட்டுவிடும், அமிலத்தில் கழுவி மறுபடி பயன்படுத்துவதே இதை வைத்துத்தான். ஈரத்தோடு மூடிய டப்பாவில் சேர்த்து, அபாயகரக் கழிவை எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள். வடிதாள், கையுறை, மின்முனையைத் துடைத்த தாள் எல்லாமும் அதே டப்பாவுக்குள்தான் போக வேண்டும்.